பத்து நாட்களும் எழுபத்திரண்டு நாட்களும்

1842-ல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த சார்லஸ் டிக்கன்ஸை, நியூயார்க் நகரத்தை ஒட்டி ஈஸ்ட் ரிவரின் நடுவே நீளமாகக் கிடக்கும் ப்ளாக்வெல்ஸ் தீவுக்குப் படகில் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு பைத்தியக்கார விடுதி இருந்தது. கட்டிடத்தின் அழகை, குறிப்பாக அதன் மாடிப்படியை, டிக்கன்ஸ் பாராட்டியிருக்கிறார். உள்ளே இருந்த மனிதர்களைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்காமல் பாதியிலேயே கிளம்பிவிட்டார். அதை மறைக்காமல் எழுதியும் இருக்கிறார் என்பது அவருடைய நேர்மை. ஆனால் அவர் விருந்தாளி. எழுந்து போகும் சௌகரியம் விருந்தாளிக்கு எப்போதும் உண்டு.

நாற்பத்தைந்து வருஷங்கள் கழித்து, 1887 செப்டம்பர் கடைசியில், அதே தீவுக்கு வேறொரு படகில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி கொண்டுபோகப்பட்டாள். அவள் பெயர் நெல்லி ப்ரௌன் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். பெயர் பொய். பைத்தியம் என்று டாக்டர்கள் கொடுத்த சான்றும் பொய்தான், ஆனால் அது டாக்டர்களுக்குத் தெரியாது. அவளை அனுப்பியது 'நியூயார்க் வேர்ல்ட்' என்ற தினசரி. அவள் பத்திரிகையில் எழுத வைத்துக்கொண்டிருந்த பெயர் நெல்லி ப்ளை. அதுவும் சொந்தப் பெயர் அல்ல.

நெல்லி ப்ளையைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அவரை உலகத்தை எழுபத்திரண்டு நாட்களில் சுற்றி வந்தவர் என்றே தெரிந்து வைத்திருக்கிறார்கள். சிறுவர் நூல்களிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் அவர் கட்டம் போட்ட நீண்ட கோட்டும் கையில் ஒரு பையுமாக நிற்கிறார். அந்தப் படம் அவருக்குச் செய்த கெடுதலைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அந்தக் கெடுதலில் அவருக்கும் பங்கு உண்டு.

எலிசபெத் ஜேன் காக்ரன் 1864 மே 5-ந் தேதி பென்ஸில்வேனியாவில் காக்ரன்ஸ் மில்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் தகப்பனார் மைக்கேல் காக்ரன். மில் முதலாளி, உள்ளூர் நீதிபதி. இரண்டு தாரங்களுக்கும் சேர்த்துப் பதினைந்து குழந்தைகள். 1870-ல் அவர் உயில் எழுதி வைக்காமல் இறந்துபோக, பெரிய வீடு ஏலத்துக்குப் போயிற்று. தாயார் மறுமணம் செய்துகொண்டார். வந்தவன் குடிகாரன், அடிக்கிறவன். 1879-ல் தாயார் விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போனபோது பதினான்கு வயதுப் பெண் கூண்டில் ஏறி மாற்றாந் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். விவாகரத்துக் கிடைத்தது. ஒரு வீட்டுக்குள் நடந்ததை, நடந்த வரிசையில், அன்னியர்கள் முன்னால் குரல் நடுங்காமல் சொல்வது என்ற காரியத்தை நெல்லி ப்ளை பத்திரிகை அலுவலகத்தில் கற்றுக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்து, பணம் இல்லாமல் ஒரு பருவத்தோடு நின்றுவிட்டார். குடும்பம் பிட்ஸ்பர்க் பக்கம் குடியேறியது. 1885-ல் 'பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச்' பத்திரிகையில் எராஸ்மஸ் வில்ஸன் என்ற பத்தி எழுத்தாளர், பெண்களுக்கு வீடே இடம், வெளியே வந்து வேலை தேடும் பெண் ஒரு விபரீதம் என்கிற தோரணையில் எழுதினார். எல்லா ஊர்களிலும் எல்லாக் காலத்திலும் இப்படி ஒரு பத்தி எழுத்தாளர் இருக்கிறார். அனாதைப் பெண் என்று கையெழுத்திட்டு அவருக்கு ஒரு கோபமான கடிதம் வந்தது. எடிட்டர் ஜார்ஜ் மேடன் அதை எழுதியவர் யார் என்று கேட்டுப் பத்திரிகையிலேயே அறிவிப்புப் போட்டார். எலிசபெத் நேரில் போய் நின்றார். முதல் கட்டுரை, பிழைக்க வழியில்லாத ஏழைப் பெண்களைப் பற்றி. இரண்டாவது, விவாகரத்தைப் பற்றி. புனைபெயர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பிரபலமான பாட்டு ஒன்றிலிருந்து அலுவலகத்தில் எடுத்து ஒட்டியது. எழுத்தும் ஒன்று மாறிப்போயிற்று. அந்தத் தப்பெழுத்தோடேயே அவர் சரித்திரத்தில் இருக்கிறார்.

தொழிற்சாலைப் பெண்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியதும் முதலாளிகள் முகம் சுளித்தார்கள். அவரைத் தோட்டம், நாகரிகம், சமூக விருந்துகள் எழுதும் பக்கத்துக்குத் தள்ளினார்கள். அதைச் சகிக்காமல் 1886-ல் தாயாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மெக்ஸிகோ போனார். போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சியில் பத்திரிகைக்காரர்கள் சிறைக்குப் போவதை எழுதி, கைதாகும் நிலை வந்ததும் திரும்பினார். மறுபடி அதே பெண்கள் பக்கம். 1887-ல் வேலையை விட்டு நியூயார்க் வந்தார்.

நியூயார்க்கில் மாதக்கணக்கில் எந்தக் கதவும் திறக்கவில்லை. அப்போது அவர் செய்த ஒரு காரியம் ரசமானது. பழைய பிட்ஸ்பர்க் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை என்று சொல்லிக்கொண்டு, நகரத்தின் பெரிய எடிட்டர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து, பெண்களை ஏன் நிருபர்களாக எடுப்பதில்லை என்று பேட்டி கண்டார். பெண்களுக்குத் துல்லியம் போதாது என்பது உட்படப் பல காரணங்கள் கிடைத்தன. வேலை கேட்டு நுழைய முடியாத அறைகளுக்குள் கேள்வி கேட்டு நுழைந்தார். சில வாரங்களில் அந்த அறைகளில் ஒன்றிலிருந்துதான் பைத்தியக்கார விடுதிக்குப் போகும் வேலை பிறந்தது. எடிட்டர் ஜான் காக்கரில். முதலாளி ஜோஸப் புலிட்ஸர். உள்ளே போவது உன் சாமர்த்தியம், வெளியே எடுப்பது எங்கள் பொறுப்பு என்பது பேச்சு. எப்படி எடுப்பார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

இதன் பிறகு நடந்தது எல்லோரும் சொல்லும் கதை. கண்ணாடி முன்னால் நின்று பைத்தியத்தின் முகத்தைப் பழகினார். பெண்களுக்கான ஒரு மலிவு விடுதியில் அறை எடுத்து, இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்து, மற்றப் பெண்களைப் பயப்படுத்தினார். போலீஸ் வந்தது. மாஜிஸ்ட்ரேட் இரக்கப்பட்டார். பெல்வ்யூ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நாடி பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், தீராத கேஸ் என்றார்கள். நியூயார்க்கின் மற்றத் தினசரிகள் யாரென்று தெரியாத அழகிய பைத்தியக்காரப் பெண்ணைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. துல்லியத்தில் கர்வம் கொண்ட பத்திரிகைகள் ஒரு நடிப்பைச் செய்தியாக அச்சடித்தன. இவ்வளவும் வேடிக்கை. ஒரு நல்ல பிரகசனத்தின் முதல் அங்கம். இதோடு நின்றிருந்தால் நெல்லி ப்ளை சாமர்த்தியசாலி, அவ்வளவே.

ஆனால் தீவில் கால் வைத்ததும் அவர் ஒரு முடிவெடுத்தார். நடிப்பை நிறுத்திவிட்டார். எப்போதும் பேசுவது போலப் பேசினார், நடப்பது போல நடந்தார். எனக்குப் பைத்தியம் இல்லை, பரிசோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். எவ்வளவு தெளிவாகப் பேசினாரோ அவ்வளவுக்கு அவரைப் பைத்தியம் என்று நினைத்தார்கள் என்று அவரே எழுதுகிறார். என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் மகத்தான சாகசம் இதுதான். நடிப்பு அல்ல, நடிப்பை விட்டது. வெளியே பொய் செல்லுபடியாயிற்று. உள்ளே உண்மை செல்லுபடியாகவில்லை. இதை ஒரு தத்துவ விசாரமாக யாராவது எழுதியிருந்தால் நாம் மெத்தப் பாராட்டியிருப்போம். இந்தப் பெண் அதை உடம்பால் நிரூபித்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றிய அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறார்.

உள்ளே இருந்தவர்களில் ஜெர்மன் தவிர வேறு பாஷை தெரியாத ஒரு பெண். அவளைச் சேர்க்கும்போது அவள் பேசுவதை மொழிபெயர்க்க ஒருவரையும் கூப்பிடவில்லை. தான் எதற்காக அங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் சொல்ல முயன்றதை எல்லாம் பிதற்றலாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பு சரியில்லாமல் வந்தவர்கள், வேலை போனவர்கள், புருஷன் கொண்டுவந்து விட்டவர்கள். அன்றைய நியூயார்க்கில் கப்பலிலிருந்து இறங்கிய ஜனங்களின் எண்ணிக்கையை நினைத்தால், பாஷை தெரியாததும் பணம் இல்லாததும் பைத்தியத்தின் அறிகுறிகளாக எண்ணப்பட்டது ஆச்சரியமில்லை. மொத்தம் 1600 பெண்கள் இருந்ததாக எழுதுகிறார்.

அந்த நூலின் நடை தட்டையானது. 1887-லேயே 'டென் டேஸ் இன் எ மேட்ஹவுஸ்' என்று புத்தகமாக வந்தது. டாக்டர்களில் யார் வாட்டசாட்டமாக இருந்தார் என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் இடங்கள் கூச்சம் தருகின்றன. ஆனால் குளியலைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒருத்தி பின் ஒருத்தியாக. தலையில் அடுத்தடுத்து மூன்று வாளி பனிபோன்ற ஜலம். எல்லோருக்கும் ஒரே துவாலை, முகத்தில் சிரங்கு உள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும். பிறகு ஈர உடம்பில் ஒரு குட்டைச் சட்டை. அதில் விடுதியின் பெயரும் பிரிவு எண்ணும் கறுப்பு எழுத்துக்களில். இதில் உவமை கிடையாது, புலம்பல் கிடையாது. காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை சாய முடியாத பெஞ்சில், பேசாமல், அசையாமல், படிக்க ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் உட்கார வைத்தார்கள் என்கிறார். ஆரோக்கியமான எவளையும் இரண்டு மாதம் இப்படி வைத்தால் பைத்தியமாக்கிவிடலாம் என்று கணக்குச் சொல்கிறார். எழுத்தாளர்கள் என்று தங்களைக் கருதிக்கொண்டவர்கள் அந்தக் காலத்தில் இதே விஷயத்தை எடுத்திருந்தால் என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம். தட்டையான நடைக்கும் ஒரு நாள் வருகிறது.

அனுபவம் என்ற சொல்லை நம் விமர்சனத்தில் நாம் கொஞ்சம் அளவுக்கு மீறியே புழங்கவிட்டிருக்கிறோம். அனுபவித்து எழுதியது, எனவே உண்மை என்கிற சுலபமான வாய்ப்பாடு. நெல்லி ப்ளையின் கேஸ் இந்த வாய்ப்பாட்டைச் சங்கடப்படுத்துகிறது. அவர் பட்டது மற்றப் பெண்கள் பட்டதுதானா? கிணற்றில் தூர் வார இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறான். மேலே ஆள் நிற்கிறது. விழுந்தவனுக்கும் அதே இருட்டு, அதே சேறு, ஆனால் கயிறு இல்லை. பத்தாம் நாள் பத்திரிகை அனுப்பிய வக்கீல் வந்து, இந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி அழைத்துப் போனார். பைத்தியம் தெளிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள். வெளியே போவதற்குப் புத்தி தெளிவு தேவைப்படவில்லை. வெளியே ஆள் தேவைப்பட்டது.

கயிற்றை நான் உவமையாகச் சொன்னேன். அவர் நிஜமாகவே ஒரு கயிற்றைப் பார்த்தார். விடுதி மைதானத்தில் உலவப் போனபோது, கடுமையான நோயாளிகள் என்று தனியே வைத்திருந்த பெண்கள் எதிரே வந்தார்கள். இடுப்பில் அகலமான தோல் பட்டை, பட்டைகளை எல்லாம் கோத்து ஒரு நீண்ட வடம். 52 பெண்கள் என்று எண்ணியிருக்கிறார். அந்தக் காட்சியிலும் அவர் எண்ணினார் என்பது முக்கியம்.

தன் அனுபவமும் அவர்களுடையதும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. விட்டு வரும்போது மகிழ்ச்சியோடு ஒரு குற்ற உணர்வும் இருந்ததை எழுதுகிறார். அந்தப் பெண்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள், தான் சொன்னால் நம்புவார்கள் என்பதும்தான் அந்தப் புத்தகத்தின் அடியில் ஓடும் வேதனை. கட்டுரைகள் 1887 அக்டோபர் 9-லும் 16-லும் ஞாயிறு இதழ்களில் வந்தன. கிராண்ட் ஜூரி அவரைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டது. பதினான்கு வயதில் ஏறிய கூண்டு, இப்போது இருபத்து மூன்றில். ஜூரிகள் அவரையும் அழைத்துக்கொண்டு தீவுக்குப் போனார்கள். செய்தி முன்னாலேயே போய்விட்டிருந்தது. தரை கழுவப்பட்டிருந்தது, சமையலறையில் உப்பும் நல்ல ரொட்டியும் பார்வையாக வைக்கப்பட்டிருந்தன. அவர் பெயர் சொல்லி எழுதிய பெண்களில் பலரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அப்படியும் ஜூரிகள் அவரை நம்பினார்கள். நகரம் தர்ம ஸ்தாபனங்களுக்குப் பத்து லட்சம் டாலர் கூடுதலாக ஒதுக்கியது என்று புத்தகத்தில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். கூடுதல் பணத்துக்கான கோரிக்கை முன்பே பரிசீலனையில் இருந்தது என்பதால் முழுப் புண்ணியத்தையும் அவருக்கே எழுதிவைக்க வேண்டியதில்லை. 1894-ல் நோயாளிகளை அங்கிருந்து வார்ட்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். டிக்கன்ஸ் பாராட்டிய கட்டிடத்தின் எண்கோண நடுப்பகுதி மட்டும் மிஞ்சி, 2006 முதல் வாடகைக் குடியிருப்பின் முகப்பாக இருக்கிறது.

இனி புலிட்ஸர். 1883-ல் அவர் 'வேர்ல்ட்' பத்திரிகையை வாங்கியபோது அது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழைகளும் புதிதாகக் கரையிறங்கியவர்களும் இரண்டு சென்ட் கொடுத்து வாங்கும் பத்திரிகையாக அதை மாற்றினார். சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாதபோது 1885-ல் சில்லறைக் காசாக ஒரு லட்சம் டாலர் வசூலித்துக் கொடுத்து, கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் அச்சடித்தார். அநீதியை அம்பலப்படுத்துவதும் விற்பனையைப் பெருக்குவதும் அவரிடம் ஒரே காரியமாக இருந்தன. இரண்டில் எது சாக்கு, எது நோக்கம் என்று பிரித்துப் பார்க்க முயன்றவர்கள் களைத்துப் போவார்கள். பைத்தியக்கார விடுதி நன்றாக விற்றது. எனவே நெல்லி ப்ளை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கூலிக்காரியானார், வேலைக்காரி வேலை தேடி ஏஜென்ஸிகளில் நின்றார், விலைக்குக் குழந்தை வாங்கினார், ஆல்பனியில் சட்டசபை உறுப்பினர்களை விலை பேசும் தரகரிடம் மருந்து வியாபாரியின் மனைவியாகப் போய் அவர் வாயாலேயே விலைப்பட்டியலை வாங்கி வந்தார். மற்றப் பத்திரிகைகளும் ஆளுக்கொரு பெண்ணைத் தேடின. சிகாகோவில் நெல் நெல்ஸன், ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் ஆனி லாரி. எல்லாம் புனைபெயர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு ஒரு வழி திறந்தது. ஆனால் அதில் ஆபத்தையும் மாறுவேஷத்தையும் சுங்கமாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆண் நிருபர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதலாம். பெண் ஏதாவது கூரையிலிருந்து குதித்தாக வேண்டும்.

உலகப் பயணத்துக்கு வருவோம். ழூல் வெர்னின் நாவல் வந்து பதினாறு பதினேழு வருஷங்கள் ஆகியிருந்தன. எண்பது நாட்களில் நிஜமாகவே சுற்றிவிடலாம் என்று 1888-ல் நெல்லி ப்ளை யோசனை சொன்னபோது, அலுவலகத்துக்கும் அதே யோசனை இருந்தது, ஆனால் ஆணைத்தான் அனுப்புவோம் என்றார்கள். பெண்ணுக்குத் துணை வேண்டும், பத்துப் பன்னிரண்டு டிரங்குப் பெட்டிகள் வேண்டும் என்பது வாதம். அவனை அனுப்புங்கள், நான் அதே நாள் வேறு பத்திரிகைக்காகக் கிளம்பி அவனை முந்துவேன் என்பது அவருடைய பதில். 1889 நவம்பர் 14 காலை ஹோபோக்கனிலிருந்து 'அகஸ்டா விக்டோரியா' கப்பல் புறப்பட்டது. ஒரே உடுப்பு, ஒரே கைப்பை. அமியாங்கில் வெர்னை வீட்டில் சந்தித்தார். கதாநாயகன் ஃபாக் போன பம்பாய் வழியாக ஏன் போகவில்லை என்று வெர்ன் கேட்டாராம். இளம் விதவையைக் காப்பாற்றுவதைவிட நேரத்தைக் காப்பாற்றுவதில் தனக்கு அக்கறை என்று பதில். வேடிக்கையான பதில்தான். ஆனால் இரண்டு வருஷம் முன்னால் தீவிலிருந்து வந்த பெண் சொல்கிறாள் என்று நினைத்துப் படித்தால் அதில் கொஞ்சம் கசப்பு தட்டுகிறது.

பிரிண்டிஸி, போர்ட் ஸயத், ஏடன், கொழும்பு. கொழும்பில் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாட்கள் முடங்க நேர்ந்தது. மொத்தப் பயணத்தில் அவர் ஓரிடத்தைப் பார்க்கக் கிடைத்த அபூர்வமான அவகாசங்களில் ஒன்று இது. என்ன செய்தார்? கண்டி வரை ரயிலில் போய்ச் சலித்துத் திரும்பினார். ஹோட்டல் தாழ்வாரத்தில் ரத்தினக்கல் வியாபாரிகளைப் பார்த்தார். மனிதன் இழுக்கும் ரிக்ஷாவில் ஏற முதலில் வெட்கமாக இருந்தது, சற்று தூரம் போனதும் நல்ல வாகனம் என்று பட்டுவிட்டது என்கிறார். துறைமுகத்தின் பக்கக்கட்டை வைத்த ஓடங்களை விவரிக்கிறார். நம்முடைய கட்டுமரம் என்ற சொல் அந்தப் பக்கத்துத் துறைகளிலிருந்துதான் ஆங்கிலத்துக்குள் மிதந்து போயிற்று. ஓடங்களைக் கவனித்த கண் ஓட்டுகிறவர்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. போர்ட் ஸயத்தில் பிச்சைக்காரர்களை விரட்டச் சக பயணிகள் தடிகளோடு இறங்கியபோது அவர் மட்டும் தடி வேண்டாம் என்று மறுத்தார், அடி மனிதனை மேலும் விகாரமாக்கும் என்றார். தீவின் ஞாபகம் அங்கே ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. மற்றபடி, ஜெர்மன் பெண்ணுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லையே என்று துடித்தவர், பாஷை தெரியாத ஜனங்களைப் பற்றி ஊர் ஊராகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போகிறார். சீனர்களைப் பற்றி எழுதியவை இன்று படிக்கக் கூசும். வேகம் ஒரு மனோபாவம். ஓடுகிறவன் பார்ப்பதெல்லாம் ஓடுவதற்குத் தடை அல்லது தடையில்லை என்ற இரண்டே வகைதான்.

இன்னொரு விசித்திரமும் இதில் உண்டு. எழுபத்திரண்டு நாட்களில் பெரும்பகுதியும் இந்த நிருபரிடமிருந்து பத்திரிகைக்கு எழுத்து வரவில்லை. தந்தியில் சில வரிகள்; கடிதங்கள் கப்பலேறி வர வாரக்கணக்கில் ஆயின. வெற்றிடத்தை 'வேர்ல்ட்' போட்டியால் நிரப்பியது. பயணம் எத்தனை நாள், மணி, நிமிஷம், வினாடி என்று ஊகிக்கிறவருக்கு ஐரோப்பிய சுற்றுலா பரிசு. லட்சக்கணக்கில் கூப்பன்கள் வந்து குவிந்தன. பயணம் முடிந்ததும் நெல்லி ப்ளையோடு உலகம் சுற்றும் விளையாட்டுக் கட்டங்களை அச்சடித்தார்கள். எழுதாமலேயே ஒரு பத்திரிகையாளர் தன் காலத்தின் புகழின் உச்சிக்குப் போனார். தீவில் அவர் உடம்பு ஒரு கருவியாக இருந்தது; பிறருக்கு நேர்வதை அளக்கும் கருவி. இப்போது உடம்பே செய்தி.

போட்டிக்கு ஒருவர் இருந்தார் என்பதே ஹாங்காங் சேரும்வரை அவருக்குத் தெரியாது. 'காஸ்மொபாலிட்டன்' சஞ்சிகை அதே நவம்பர் 14-ல் எலிசபெத் பிஸ்லண்ட் என்ற தன் இலக்கியப் பகுதி எழுத்தாளரை எதிர்த் திசையில் அனுப்பியிருந்தது. சில மணி நேர அவகாசத்தில், விருப்பமே இல்லாமல் கிளம்பியவர். பிஸ்லண்ட் எழுதிய பயண நூல் வாக்கிய வாக்கியமாகப் பார்த்தால் மேலானது. கீழைக் கடல்களின் நிறங்களை அவர் பார்த்திருக்கிறார். லாஃப்காடியோ ஹெர்னின் சிநேகிதி. பிற்பாடு ஹெர்னின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். ஐரோப்பாவில் வேகமான கப்பலைத் தவறவிட்டு, குளிர்கால அட்லாண்டிக்கில் மெதுவான கப்பலில் ஆடி ஆடி வந்து, நாலைந்து நாள் தாமதத்தில் தோற்றார். அதுவும் எண்பது நாட்களுக்கு உட்பட்டதுதான். திரும்பியதும் விளம்பரத்துக்கு முகம் காட்டாமல் ஒதுங்கினார். நல்ல நடைக்கு ஒரு நூற்றாண்டு தாண்டி வாசகர்கள் காத்திருப்பார்கள் என்று நம்ப நமக்கு ஆசை. பிஸ்லண்டை இன்று படிக்கிறவர்கள் நெல்லி ப்ளை வழியாகத்தான் அவரிடம் போகிறார்கள்.

நெல்லி ப்ளை பனியால் அடைபட்ட பாதையைத் தவிர்த்துத் தெற்கே சுற்றி ஓடிய தனி ரயிலில் கண்டத்தைக் கடந்து 1890 ஜனவரி 25 பிற்பகலில் ஜெர்ஸி நகரில் இறங்கினார். 72 நாள், 6 மணி, 11 நிமிஷம், 14 வினாடி. நேரம் பார்க்க ஆட்கள் கடிகாரத்தோடு நின்றிருந்தார்கள். பீரங்கி வெடித்தது. தான் இவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தும் நிர்வாகம் சரியாக நடத்தவில்லை என்று அதே ஆண்டு வேலையை விட்டார்.

இங்கே முடித்துக்கொண்டால், சாகசம் எழுத்தைத் தின்ற கதை என்று ஒழுங்காக இருக்கும். அவர் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை. 1893-ல் திரும்பி வந்து சிறையில் இருந்த எம்மா கோல்ட்மனைப் பேட்டி கண்டார். எல்லாப் பத்திரிகைகளும் ராட்சசியாக வரைந்த பெண்ணை, படித்த, சுத்தமான, வாதிக்கத் தெரிந்த பெண்ணாக எழுதினார். 1894-ல் புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு சிகாகோ போனார். வேலைநிறுத்தக்காரர்கள் மீது கசப்போடு போனதாக அவரே சொல்கிறார். கம்பெனி கட்டிய வீடுகளுக்குள் நுழைந்து வாடகையையும் கூலியையும் எண்ணிப் பார்த்ததும் கட்சி மாறிவிட்டார். மாறுவேஷம் இல்லை, பெயர் மறைப்பு இல்லை. போனார், கேட்டார், எண்ணினார். 52 பெண்களை எண்ணிய அதே கை. இந்தக் கட்டுரைகளைப் பற்றி அவருடைய புகழில் ஒரு பேச்சும் இல்லை.

பிறகு வாழ்க்கை வேறு பக்கம் இழுத்தது. 1895-ல் தன்னைவிட நாற்பது வயது மூத்த ராபர்ட் ஸீமன் என்ற தொழிலதிபரை மணந்தார். 1904-ல் அவர் இறந்தபின் இரும்புப் பாத்திரங்களும் எண்ணெய்ப் பீப்பாய்களும் செய்யும் கம்பெனியை நடத்தினார். தன் பெயரில் காப்புரிமைகள் வாங்கினார். தொழிலாளர்களுக்குப் படிப்பகமும் விளையாட்டுக் கூடமும் கட்டினார். கணக்குப் பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் பணத்தைக் கையாடிக் கம்பெனியைத் திவாலாக்கினார்கள். எல்லோருடைய கூலியையும் எண்ணியவர் தன் கல்லாவை எண்ணவில்லை. 1914-ல் ஆஸ்திரியா போன இடத்தில் யுத்தம் மூண்டது. ஐம்பது வயதில் கிழக்குப் போர்முனையின் பதுங்கு குழிகளிலிருந்து 'ஈவ்னிங் ஜர்னல்' பத்திரிகைக்கு எழுதினார். 1919-ல் நியூயார்க் திரும்பினார். 1920-ல் ஸிங் ஸிங் சிறையில் ஒருவனை மின்நாற்காலியில் உட்காரவைத்துக் கொன்றதை நேரில் பார்த்து, மரண தண்டனையை எதிர்த்து எழுதினார்.

கடைசி வருஷங்களில் அதே பத்திரிகையில் ஒரு பத்தி. வேலை கேட்டும், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வீடு கேட்டும் வரும் கடிதங்களுக்குப் பதில். பத்தியிலேயே குழந்தைகளைப் பற்றி எழுதி, வளர்க்க ஆள் தேடிக் கொடுத்தார். 1922 ஜனவரி 27-ந் தேதி நிமோனியாவில், ஐம்பத்தேழு வயதில் இறந்தார். அமெரிக்காவின் சிறந்த நிருபர் என்று ஆர்தர் பிரிஸ்பேன் எழுதினார். பிராங்க்ஸிலுள்ள வுட்லான் கல்லறையில் புதைத்தார்கள். 1978-ல் நியூயார்க் பிரஸ் கிளப் ஒரு கல் நாட்டும்வரை இடத்துக்கு அடையாளம் கிடையாது. 2021 டிசம்பரில் அதே தீவில், இப்போது அதன் பெயர் ரூஸ்வெல்ட் தீவு, அவருடைய முகத்தையும் வேறு நாலு பெண்களின் முகங்களையும் ஆளுயரத்துக்கு மேலாக வார்த்து வைத்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் பெயர் போடவில்லை. எலிசபெத் பிஸ்லண்ட் 1929 ஜனவரியில் இறந்தார். அவருக்கும் நிமோனியா. அவரும் வுட்லானில்தான் இருக்கிறார்.